எட்டு அஞ்சுக்கு ஒரு கூடை

அத்தியாயம் நான்கு

இன்ஸ்பெக்டர் இராமதாஸ் எட்டாம் வகுப்பில் கணக்கில் முப்பத்து மூன்று மார்க் வாங்கியவர். அந்த முப்பத்து மூன்றைப் போட்ட கலைமகள் டீச்சர், ஓய்வு பெற்றுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கிய கலைமகள் டீச்சர், இப்போது அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு நாற்காலியில் சாய்ந்து உட்காரவே கூச்சமாக இருந்தது.

"பொண்ணே ஒத்துக்கிச்சு டீச்சர். இதுல துப்பறிய என்ன இருக்குது? அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தப் போறேன்."

"அஞ்சு மணிக்குத்தானே? இப்ப பதினொன்னரை. விடைய சொல்லிட்ட, வழிமுறையக் காட்டு" என்றாள் கலைமகள்.

அவள் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற கோபிநாத் மெல்லச் சிரித்தான். மில் மூடியபின் ஆட்டோ ஓட்ட வந்தவன். மூன்று வருடமாக டீச்சரின் வாகனமும் உதவியாளனும் வாய்க்கொழுப்பும் அவன்தான். "சொல்லிடுங்க சார். ஸ்டெப் எழுதலன்னா பாதி மார்க்தான்."

இராமதாஸ் அவனை முறைத்துவிட்டு வழக்கைச் சொன்னார். புஸ்ஸி வீதியில் ஒரு பழைய மாடி வீடு. அதில் தனியாக இருப்பவர் காசிலிங்கம், வயது எண்பத்து நான்கு, பிரான்ஸில் வேலை பார்த்துத் திரும்பியவர். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடிப் படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். அடுத்த வீட்டுக்காரர் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்று வெள்ளிக்கிழமை, இன்னும் நினைவு திரும்பவில்லை. அவர் பிழைத்தால் ஒரு வழக்கு, பிழைக்காவிட்டால் கொலை வழக்கு.

"மாடியில இந்த நோட்டு கெடந்துது. கடைசி வரி பாருங்க. பிரெஞ்சுல எழுதியிருக்காரு, பேரன்தான் படிச்சு சொன்னாரு. எட்டு அஞ்சு. படம் மறைந்தது. பானியே. பானியேன்னா கூடை. காலையில ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் வீட்டுல வேலைக்கார பொண்ணு அன்புசெல்வி மட்டும்தான். துணி காயப்போட கூடையோட மாடிக்கு போயிருக்கு. ஏதோ தகராறு, தள்ளிடுச்சு."

"படம்னா என்ன படம்?"

"சூரியன் படம் டீச்சர். டெலஸ்கோப் வெச்சு பேப்பர்ல சூரியன விழவெச்சு பென்சில்ல வரைவாராம். நடுவுல மேகமோ காக்காவோ வந்து மறைச்சா அதையும் மணி போட்டு எழுதுவாராம்."

கோபிநாத் நோட்டை எட்டிப் பார்த்தான். எண்களைப் படிக்கப் பிரெஞ்சு தேவையில்லை. அந்தப் பக்கத்து வரிகளுக்குமேல் பேரன் பென்சிலால் தமிழில் எழுதியும் வைத்திருந்தான்.

"டீச்சர், இத கேளுங்க. 'பூஜ்யம் இருபத்தஞ்சு, சூரியன் வந்தது.' நடுராத்திரி. 'பதிமூணு அஞ்சு, சூரியன் போனது.' மத்தியானம் ஒரு மணிக்கே பொழுது போயிடுச்சு. இது எந்த ஊருன்னு சொல்லுங்க, குடும்பத்தோட குடிபோயிடறேன். ஒரு வேள சாப்பாடு மிச்சம்."

"பெரியவருக்கு வயசாச்சு, புத்தி கொஞ்சம் தடுமாறுது. அந்த எட்டு அஞ்சு மட்டும் சரியா எழுதியிருக்காரு" என்றார் இராமதாஸ்.

கலைமகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தாள். முப்பத்து மூன்று மார்க் ஏன் என்று அவளுக்கு மறுபடி ஞாபகம் வந்தது. "ஒரே நோட்டு, ஒரே கை, ஒரே கடிகாரம். எல்லா மணியும் தப்பு, உனக்கு வேண்டிய மணி மட்டும் சரியா?"

இன்ஸ்பெக்டர் அன்புசெல்வியை அழைத்துவரச் சொன்னார்.

இருபத்திரண்டு வயதுப் பெண். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அழுத கண்ணை மறைக்கிறாள் என்று கலைமகள் நினைத்தாள்.

"கிட்ட வராதீங்க மேடம், மெட்ராஸ் ஐ" என்றாள் அவள். கோபிநாத் உடனே இரண்டடி பின்னால் போனான்.

"உங்கம்மா காலையில எங்கிட்ட வந்தாங்க" என்றாள் கலைமகள்.

அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. "அவங்கள ஏன் மேடம் இதுல இழுக்கறீங்க? நான்தான் கூடையோட போனேன். சொல்லாம போயி நின்னேன், தாத்தா பதறி விழுந்துட்டாரு."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு அஞ்சு."

"கடிகாரம் பாத்தியா?"

"நோட்டுல இருக்குதே."

நடந்ததைச் சொல்பவர்கள் ஏழே முக்கால் இருக்கும், எட்டு இருக்கும் என்பார்கள். நோட்டைப் பார்த்து யாரும் தன் குற்றத்துக்கு மணி சொல்வதில்லை. கலைமகள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. புறப்படும்போது மேஜைமேல் அன்புசெல்வியிடமிருந்து எடுத்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்தாள். ஒரு பர்ஸ், ஒரு சாவி, ஒரு செல்போன், அரசு ஆஸ்பத்திரிக் கண் பிரிவின் சீட்டு. சீட்டில் புதன்கிழமைத் தேதி, டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு, பதிவு நேரம் மதியம் 1.20.

ஆட்டோவில் ஏறியதும் கோபிநாத் திரும்பிப் பார்த்தான். "என்ன டீச்சர் யோசனை?"

"அந்தம்மாதான்."

அந்தம்மா என்றால் பச்சையம்மாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள், அன்புசெல்வியின் அம்மா. காலை ஒன்பது மணிக்கு, மிஷன் வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அலுவலகத்துக்கு மாடியேறி வந்து, மீன் கூடையை வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டு, கைகளை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றவள். 'எம் பொண்ணு செய்யலம்மா. ஒத்துக்கிச்சின்னு சொல்றாங்க. அது பொய். செய்யலன்னு நீங்க காட்டிக் குடுங்க' என்று அதையே நான்கு தரம் சொன்னாள்.

"அழுவாச்சியா வந்துது டீச்சர் எனக்கே" என்றான் கோபிநாத்.

"எனக்கும்தான். ஆனா ஒன்னு குறையுது. என்னன்னு தெரியல. வண்டிய புஸ்ஸி வீதிக்கு விடு."

காசிலிங்கத்தின் பேரன் விக்ரம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் திறக்க மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. காலாப்பட்டில் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துபவன். இரண்டு நாளாகத் தூங்காத முகம். வீதியில் கடைகளெல்லாம் கதவைச் சாத்தியிருந்தன. பாண்டிச்சேரியில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை எறும்புகூட வாசலில் நிற்காது.

"வீட்ட விக்கச் சொல்லி தாத்தாகிட்ட கேட்டீங்களா தம்பி?" என்று படியேறும்போதே கோபிநாத் ஆரம்பித்தான்.

"கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

"புதன்கெழம எங்க இருந்தீங்க?"

"காலையில ரூம்லதான், தனியா. பன்னெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் பரீட்சை ஹால்ல டூட்டி. நூத்தி இருபது பசங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க."

கோபிநாத் டீச்சரின் காதருகே குனிந்தான். "எட்டு அஞ்சுக்கு ஆளு தனியா. வீடு வேணும். வெண்டக்காயில புழு கெடச்சாச்சு டீச்சர்."

"மொதல்ல வெண்டக்காய நறுக்கு" என்றாள் அவள்.

மொட்டை மாடியில் வெயில் தரையில் கொதித்தது. நடுவில் ஓர் இடுப்பளவு சிமென்ட் தூண். அதன்மேல் கைநீள டெலஸ்கோப் ஒன்றைத் திருப்பும்படியாகப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார் பெரியவர். குழாயின் கீழ் நுனிக்கு நேரே ஒரு பலகை, பலகையில் கிளிப் போட்ட வெள்ளைக் காகிதம், அதில் பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நான்கைந்து சிறு புள்ளிகள். மேலே புதன்கிழமைத் தேதி. வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே தேவையில்லை. காகிதத்தில் விழுவதைப் பார்த்தால் போதும்.

"இத யாராவது தொட்டாங்களா?" என்றாள் கலைமகள்.

"இல்ல மேடம். போலீஸ் நோட்டை எடுத்தாங்க, வெயில் தாங்கல, எறங்கிட்டாங்க. தாத்தாவத் தவிர இத அன்புசெல்விதான் தொடும். கை நடுங்க ஆரம்பிச்சதும் அதுக்குக் கத்துக் குடுத்தாரு."

"எதுக்கு இந்த வேல அவருக்கு?"

விக்ரம் நிழலில் ஒதுங்கி நின்று சொன்னான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் பிரான்ஸ் ஒரு சாட்டிலைட் விட்டது. பெயர் தூர்னெசோல். சூரியகாந்தி என்று பொருள். எப்போதும் சூரியனுக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றும், சூரியனையும் விண்வெளியில் இருக்கும் ஹைட்ரஜனையும் அளக்கும்.

"நம்மூர்ல சமையல் எண்ணெய்க்குத்தான் அந்த பேரு வெப்பாங்க" என்றான் கோபிநாத்.

"தாத்தா ஆப்பிரிக்காவுல ஒரு ஸ்டேஷன்ல டெக்னீஷியன். சாட்டிலைட் தலைக்கு மேல வரும்போது சிக்னல் எத்தனை மணிக்குக் கெடச்சுது, எத்தனை மணிக்குப் போச்சு, ஏன் போச்சு. இதான் எழுதணும். சாட்டிலைட் எப்பவோ எரிஞ்சு விழுந்துடுச்சு. இவரு மட்டும் எழுதறத விடல. பூகம்பம் வந்தாலும் மொதல்ல மணிய எழுதிட்டுத்தான் ஓடுவாரு."

கலைமகள் டெலஸ்கோப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். அப்புறம் கடல் இருக்கும் கிழக்குப் பக்கம் பார்த்தாள். அப்புறம் குழாயின் வாயைப் பார்த்தாள்.

"கோபி, காலையில எட்டு மணிக்கு சூரியன் எங்க இருக்கும்?"

"கடல் பக்கம். பீச்சுல வாக்கிங் போறவங்க எல்லாம் கைய நெத்தியில வெச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க."

"இது எங்க பாக்குது?"

குழாய் ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தது. கலைமகள் குழாயைத் தொடாமல் சுட்டிக் காட்டினாள்.

"சூரியன் நகர நகர அவரு கையால குழாயத் தள்ளிக்கிட்டே வரணும். அவரு விழுந்ததும் தள்ள ஆளில்ல. கொழாய் அப்படியே நின்னுடுச்சு, நின்ன கடிகாரம் மாதிரி. ரெண்டு நாள்ல சூரியன் பெருசா எடம் மாறாது. காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். ஒன்று இருபது. ஒன்று முப்பது. கோபிநாத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தன்னையும் காகிதத்தில் விழவைத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று முனகினான். ஒன்று முப்பத்து மூன்றுக்கு வெள்ளைக் காகிதத்தின் ஓரத்தில் வெளிச்சக் கீற்று ஒன்று முளைத்தது. அது நகத்துண்டாகி, பாதித் தோசையாகி, கண்கூசும் முழு வட்டமாகிப் பென்சில் வட்டத்தின்மேல் கிட்டத்தட்டப் பொருந்தி நின்றது. கலைமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று முப்பத்தைந்து. ஓரிரு நிமிடத்தில் வட்டம் மறுபக்கம் வழிந்து போய்விட்டது.

"விக்ரம், அந்த ஸ்டேஷன்ல எந்த ஊர் மணி எழுதுவாங்க?"

விக்ரம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, உலக மணி மேடம். லண்டன் மணி. எந்த நாட்டு ஸ்டேஷனா இருந்தாலும் எல்லாரும் ஒரே மணிதான் எழுதணும். தாத்தா கைக்கடிகாரமே அதுலதான் ஓடும். சின்ன வயசுல எனக்குத் தெரியும். போலீஸ்காரர் கேட்ட பதட்டத்துல வார்த்தைய மட்டும் படிச்சுச் சொல்லிட்டேன்."

"எட்டு அஞ்சோட அஞ்சரைய கூட்டு, கோபி."

"ஒன்னு முப்பத்தஞ்சு." சொல்லிவிட்டு அவன் நோட்டு வரிகளை மனதில் ஓட்டினான். "அப்ப நடுராத்திரி வந்த சூரியன் ஆறு மணிக்கு வந்திருக்கு. ஒரு மணிக்குப் போனது ஆறரைக்குப் போயிருக்கு. கெழவருக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது. நமக்குத்தான்..." பாதியில் நிறுத்தி விக்ரமைப் பார்த்தான். "ஒன்னு முப்பத்தஞ்சுக்கு நீங்க பரீட்சை ஹால்ல. புழு பறந்துடுச்சு டீச்சர்."

"அன்புசெல்வியும் அப்ப கண் ஆஸ்பத்திரி வரிசையில. டோக்கன் இருக்குது." கலைமகள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ படவில்லை. "நோட்டுல வேற எங்கயாவது கூடை வருதா?"

போலீஸ் ஸ்டேஷனிலேயே நோட்டின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தான் கோபிநாத். நிழலில் உட்கார்ந்து விக்ரம் தேடினான். "வருது மேடம். போன ஞாயிறு, ஏழு ஐம்பது, பானியே. அதுக்கு முந்தின புதன், எட்டு பத்து, பானியே. அதுக்கு முந்தின ஞாயிறும் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை அன்பு வேலைக்கு வருமா?"

"வராது, லீவு."

அப்படியானால் அது துணிக்கூடை இல்லை. கலைமகள் சம்பந்தமில்லாதது போல ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாரு?"

"ஞாயிறும் புதனும் மீன். மார்க்கெட் முடிஞ்சு மத்தியானம் வீட்டுக்கே வரும். அவருக்குக் காது சுத்தமா கேக்காது, கீழேருந்து கூப்பிட்டா தெரியாது. கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். மாடிக்கே கொண்டாந்து காட்டுவாங்க..." விக்ரம் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

காலையில் குறைந்தது என்னவென்று கலைமகளுக்கு இப்போது தெரிந்தது. பொய் வழக்கில் பிள்ளை மாட்டிக்கொண்ட எந்தத் தாயும் கேட்கும் முதல் கேள்வி, அப்போ செஞ்சது யாரு என்பது. பச்சையம்மாள் அதை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

ஆட்டோ நேரு வீதியைத் தாண்டியதும் கோபிநாத் கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தான்.

"டீச்சர், அவங்க நம்ம கிளையன்ட்."

"ம்."

"கிளையன்ட்ட காப்பாத்தறதுதானே நம்ம தொழில்?"

"அவங்க நம்மகிட்ட கேட்டது பொண்ண காப்பாத்தச் சொல்லி" என்றாள் கலைமகள். கணக்கைச் சரியாகப் போட்டு இவ்வளவு வருத்தப்பட்டது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் கூட்டம் வடிந்திருந்தது. பச்சையம்மாள் ஈரத் தரையில் காலியான பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கூடை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்க பச்சையம்மா. அன்பு வந்துடும். அது செய்யலன்னு காட்ட முடியும்" என்றாள் கலைமகள். "நடந்தது காலையில இல்ல. மத்தியானம் ஒன்னு முப்பத்தஞ்சு."

பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே முகத்தை மூடிக்கொண்டது.

"தெரிஞ்சுபோச்சாம்மா?"

"நீங்களே சொல்லுங்க."

"அது கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சும்மா. என்னாடின்னு கேட்டா, ஒன்னுமில்ல, தாத்தாவோட சேந்து சூரியன பாக்கறேன்னு பெருமையா சொல்லுது. சூரியன பாத்தா கண்ணு இன்னாத்துக்கு ஆகும்? அவர்கிட்ட போயி கேட்டேன். எம் பொண்ணு கண்ண அவிச்சிடாதீங்க சாமின்னு கத்தறேன். அவரு நிமிந்து, சூரியன மறைச்சிக்கினு இருந்த என் கூடைய பாத்தாரு, கைக்கடிகாரத்த பாத்தாரு, குனிஞ்சு எழுதறாரு. நான் வயிறெரிஞ்சு கத்திக்கினு கெடக்கறேன், அவரு மணி எழுதறாரும்மா."

"அவருக்குக் காது கேக்காதே."

"தெரியும். அந்த நேரத்துல அதுகூட தோணல. நோட்ட புடுங்கி வீசிட்டு படிக்கு வந்துட்டேன். என்னமோ கேட்டுக்கினே பின்னால வந்தாரு. கால் இடறிடுச்சு. கீழ கெடந்தாரு, கண்ணு தொறந்திருந்துச்சு. அவரு பாஷயில ஏதோ சொன்னாரு. தொட பயந்துக்கினு ஓடியாந்துட்டேன்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "தள்ளல. ஆனா உட்டுட்டு ஓடியாந்தேன். பொண்ண புடிச்சிட்டாங்கன்னதும் சொல்லணும்னுதான் கெளம்பினேன். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். வாய் வரல. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க கண்டுபுடிச்சிட்டா நான் சொல்ல வேணாம்ல."

கோபிநாத் வேறு பக்கம் திரும்பி நின்றான்.

"பச்சையம்மா, அன்புக்கு வந்தது மெட்ராஸ் ஐ" என்றாள் கலைமகள். "சூரியனால இல்ல. அது சூரியன நேரா பாக்கவே இல்ல, காயிதத்துலதான் பாத்துச்சு. அதுக்குன்னே அப்படி வெச்சிருக்காரு பெரியவரு."

பச்சையம்மாள் கூடையை எடுத்துத் தலைச்சும்மாட்டின்மேல் வைத்தாள். ஏதோ நினைத்துக்கொண்டு இறக்கிப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்தாள். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"போலாம்மா" என்றாள்.

ஸ்டேஷனுக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி மூன்றே கால். கலைமகள் நோட்டைத் திறந்து வைத்து, ஒரு பக்கத்தில் உலக மணியும் மறுபக்கத்தில் நம் மணியும் எழுதி, டோக்கன் சீட்டைக் காட்டி வழிமுறையை முழுதாகப் போட்டாள். இராமதாஸ் இரண்டு தரம் கூட்டிப் பார்த்து, சரிதான் டீச்சர் என்று தலை குனிந்துகொண்டார். பச்சையம்மாள் தான் சொல்ல வேண்டியிருந்ததை இந்த முறை வாய்விட்டே சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து விக்ரம் போன் செய்தான்; தாத்தா அப்படியேதான் இருக்கிறார், மாற்றம் இல்லை.

அன்புசெல்வியை வெளியே கூட்டி வந்தார்கள். அம்மாவை அங்கே பார்த்ததும் அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இதுவரை ஒரு சொட்டும் விடாத பெண் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நீ ஏம்மா வந்த? அது நம்மூர் மணி இல்லன்னு எனக்குத் தெரியும்மா. கூடைன்னு படிச்சதுமே தெரியும். எட்டு அஞ்சுன்னே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேனே, நீ ஏம்மா வந்த?"

பச்சையம்மாள் கழுவிய கைகளால் மகளின் முகத்தை நிமிர்த்தினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையைக் கட்டைவிரலால் மெல்ல விலக்கி, ஒரு கண்ணை, பிறகு இன்னொரு கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"நல்லா தெரியுதாடி?"

"தெரியுதும்மா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பி நின்றாள்.